டாக்டர் கொடுத்த ஃபிரேம்

வாஸ்கித்தோவின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் ஏறிய அரை மணி நேரத்தில் தொடங்கும். முதலில் அன்று மாலைக்குள் விட்டுவிட்டது. பிறகு திங்கள்வரை நின்றது. இப்போது புதன்கிழமைவரை சுண்டுவிரல் தன்னுடையதா, பக்கத்து வீட்டுக்காரனுடையதா என்றே அவனுக்குத் தெரிவதில்லை.

வேறு வேலை செய்கிறவனாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவன் சலாத்திகா என்ற மலையடிவார ஊரில் பல் டாக்டர் ப்ரமுதியோவின் மருத்துவமனைப் பின்னறையில் செயற்கைப் பல் செய்கிறவன். மெழுகை உருக்கி, கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை ஊசிமுனையால் கீறி எடுக்கிற வேலை. பதினாறு வருட அனுபவம். போன செவ்வாய்க்கிழமை ஒரு முன்பல் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்டுத்தான் குனிந்தான்.

பெரிய நகரமான செமராங் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தான். அவர் சுண்டுவிரலை ஊசியால் தொட்டார்.

"தெரியுதா?"

"ஏதோ பஞ்சுக்குப் பின்னால தொடற மாதிரி இருக்கு."

"கையை ஊணி என்ன பண்றீங்க? சைக்கிளா? குனிஞ்சு ஓட்ற பந்தய சைக்கிளா? அப்ப சரிதான். உடம்பு பாரம் பூரா உள்ளங்கை ஓரத்துல இறங்குது, நரம்பு நசுங்குது. ஒண்ணு ஹேண்டில்பாரை உசத்துங்க. இல்ல, சைக்கிளை விடுங்க. ரெண்டும் செய்யாம இன்னும் மூணு மாசம் ஓட்டினீங்கன்னா கையில சதை வத்தும். அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

இரண்டும் முடியாது என்பதுதான் விஷயம். ஏன் முடியாது என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

சைக்கிளை விட முடியாது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு மருத்துவமனை வாசலிலிருந்து குழு கிளம்பும். மலைமேல் கோப்பெங்வரை ஏறி, இறங்கி, அடிவாரத்தில் சோத்தோ என்கிற சோறு போட்ட சூப்பைக் குடித்துவிட்டுச் சேர்ந்தே திரும்புவார்கள். வரச்சொல்லி டாக்டர் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. வராதவர்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "பாவம், உடம்பு சரியில்லையா?" அந்தக் கேள்வியை இரண்டு வாரம் தொடர்ந்து வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அவர் முகத்தில் விழிக்க ஒருவராலும் முடிந்ததில்லை.

ஹேண்டில்பாரை உயர்த்தவும் முடியாது. அவன் சைக்கிளின் ஃபிரேம், அதாவது உடற்சட்டம், டாக்டர் கொடுத்தது. நோன்பு முடிந்து வரும் லெபாரான் பெருநாளுக்குப் போன வருடம் ஊழியர் அத்தனை பேருக்கும் பிஸ்கட் டின்னும் சாரமும் கொடுத்தவர், வாஸ்கித்தோவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தான் நாலு வருடம் ஓட்டிய நீலக் கார்பன் ஃபிரேமைக் கொடுத்தார். இருவரும் ஒரே உயரம். "உனக்காகவே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும்பா," என்றார். டாக்டரோ அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி நெடுந்தூரத்துக்கென்றே செய்த நாலரைக் கோடி ரூப்பியா சைக்கிளுக்கு மாறியிருந்தார்.

கொடுத்த ஃபிரேமில் ஒரு வேலை நடந்திருந்தது. முன் சக்கரத்தின் ஃபோர்க்கிலிருந்து மேலே ஒரு தண்டு வரும். அதன் தலையில்தான் ஹேண்டில்பார் உட்காரும். தண்டு நீளமாக இருந்தால் அடியில் வளையம் வளையமாகச் செருகி ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ளலாம். வளையம் தெரிந்தால் கிழவன் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் அந்தத் தண்டை ஒட்ட அறுத்துவிட்டார். அறுத்த தண்டு வளராது.

"கழுத்தை அறுத்துட்டாங்க மாஸ், இதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்றான், வாஸ்கித்தோவை அண்ணன் முறையில் 'மாஸ்' என்று கூப்பிடும் சைக்கிள் மெக்கானிக் குந்துர். "ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கொம்பைத் தலைகீழாத் திருப்பிப் போடலாம். ரெண்டு சென்டிமீட்டர் தேறும். ஆனா டாக்டர் பார்த்தார்னா, என் ஃபிரேமை என்னடா கொக்கு மாதிரி ஆக்கி வச்சிருக்கன்னு என் கடைக்கே வந்துடுவார்."

"ரெண்டு போதாதுடா."

"பின்ன எவ்வளவு வேணும்?"

அதுதான் வாஸ்கித்தோவுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஒருமுறை டாக்டரின் புது சைக்கிளைக் கடையிலிருந்து மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறான். பதினேழு கிலோமீட்டர். கை மரக்கவில்லை. முதுகு யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அந்த சைக்கிளை அவன் ஆயுள் முழுக்கப் பல் செதுக்கினாலும் வாங்க முடியாது. ஆனால் அந்த உட்காரும் வாகை வாங்கலாமே? வாகு என்பது என்ன? பெடல் சுழலும் அச்சிலிருந்து நேர் மேலே எவ்வளவு உயரத்தில், நேர் முன்னால் எவ்வளவு நீட்டத்தில் ஹேண்டில்பார் இருக்கிறது என்பதுதான். உயரம், நீட்டம். இரண்டே எண்கள்.

கம்பெனி அட்டவணையைப் பார்த்தான். டாக்டரின் அளவுக்கு உயரம் 560, நீட்டம் 371 மில்லிமீட்டர் என்றிருந்தது. காகிதத்தை நம்புவது அவன் தொழிலில் வழக்கமில்லை. நோயாளியின் வாயை அச்செடுத்துப் பார்க்காமல் யாரும் பல் செய்வதில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மருத்துவமனைக் கார் கொட்டகையில் நின்ற அந்தச் சைக்கிளுக்கு முன்னால் நூல் கட்டிய ஈயக் குண்டும் அளவுகோலுமாக உட்கார்ந்தான்.

உயரம் 570 வந்தது. நீட்டம் 368. மறுபடி அளந்தான். அதேதான். பிறகுதான் பார்த்தான்: ஹேண்டில்பாருக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் வளையம் ஒன்று இருந்தது. வளையம் கிழவன் சமாசாரம் என்று தண்டை அறுத்தவர், தன் புது சைக்கிளில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்! அதை நினைத்துக் கோபப்படுவதற்குள் இன்னொன்று பிடிபட்டது. தண்டு பின்னால் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் மூன்று மில்லிமீட்டர் தன்னைநோக்கி வருகிறது. அப்படியானால் உயரம் குறைவாகவும் நீட்டம் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கிற மலிவான ஃபிரேம் எதுவானாலும், வளையம் போட்டு இந்த இடத்துக்கே கொண்டு—

"வாஸ்?"

டாக்டர் கொட்டகை வாசலில் நின்றார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

"என் சைக்கிள்கிட்ட என்னப்பா பண்ற?"

ஈயக் குண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாஸ்கித்தோ அதை உள்ளங்கையில் மூடினான்.

"துடைச்சுட்டிருந்தேன், பாக். சங்கிலியில மண்ணு," என்றான். டாக்டரை எல்லோரும் 'பாக்', ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

டாக்டரின் முகம் இளகிவிட்டது. "அடடா. சொல்லவே இல்லையே நீ. இந்தக் காலத்துல யாருப்பா இப்படி?" என்று தோளைத் தட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு டாக்டரின் சைக்கிளைத் துடைப்பது வாஸ்கித்தோவின் வேலையாயிற்று.

"அளக்கப் போனீங்க, துடைக்கிறவனா திரும்பி வந்தீங்க," என்றாள் அவன் மனைவி எண்டா. "இன்னொரு தடவை ஏதாவது அளந்தீங்கன்னா அவங்க வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகணும். பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன். கை மரத்துப்போகுது, ஃபிரேம் ஒத்துக்கலைன்னு."

"பெருநாளுக்குக் குடுத்ததும்மா. ஒத்துக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

"எங்க சித்தி குடுத்த பாத்திக் துணியை நான் கட்டறேனா?"

"சித்தி உனக்குச் சம்பளம் குடுக்கறாளா?"

எண்டா அடுப்படிக்குப் போனாள். அவளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டில் அவன் கட்டம் போட ஆரம்பித்தான். பதினோரு ஃபிரேம். பெயர், உயரம், நீட்டம், முன்தண்டின் சாய்வு, வளையம் போட்டால் வரும் உயரம், வளையம் போட்டால் வரும் நீட்டம், விலை. டாக்டர் கொடுத்த நீல ஃபிரேமை முதல் வரியில் எழுதினான்: 527, 383. அவன் கை இருக்கவேண்டிய இடத்தைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்வு, ஒன்றரை சென்டிமீட்டர் தூரம். ஐந்து மாத மரப்பு இரண்டு எண்ணில் அடங்கிவிட்டது.

குந்துர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தான். "எதுக்கு மாஸ் இத்தனை? உங்க உயரத்துக்கு ஃபிரேம் சைஸ் ஐம்பத்திரண்டுன்னா ஐம்பத்திரண்டு. எல்லாரும் அப்படித்தானே வாங்கறாங்க?"

"இந்தா, மூணாவது வரி, ஏழாவது வரி. ரெண்டுமே ஐம்பத்திரண்டுதான். உயரத்துல மூணு சென்டிமீட்டர் வித்தியாசம். நீ ஐம்பத்திரண்டை வாங்கிட்டு வந்து யார் தலையில கட்டுவ?"

குந்துர் கொஞ்ச நேரம் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "இதைப் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

ஒன்பதாவது வரிதான் அவன் தேடியது. உள்ளூர்க் கம்பெனி, அலுமினியம், யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நிறம். உயரம் 545, நீட்டம் 376. இரண்டரை சென்டிமீட்டர் வளையம் போட்டால் 570, 368½. பல் விஷயத்தில் அரை மில்லிமீட்டர் என்பது மலை. சைக்கிளில் தூசி. பக்கத்து ஊரான அம்பராவாவில் ஒருவர் பழையதை ஐம்பத்தைந்து லட்சம் ரூப்பியாவுக்கு விற்கிறார் என்று தெரிந்து போன் செய்தான். விலையைப் பேசுவதற்கு முன்னால், "ஃபோர்க் தண்டு அறுத்திருக்கா?" என்று கேட்டான். அந்த மனிதர் குழம்பிப்போய், "அறுக்கல, ஏன், அறுத்துத் தரணுமா?" என்றார். "அய்யோ, தொடாதீங்க!" என்று வாஸ்கித்தோ கத்தியதில் எண்டா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஃபிரேம் வந்தது. ஆனால் எதை ஓட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முன்னால் போய் நிற்பது? நீல ஃபிரேம் எங்கே என்று கேட்டால்?

யோசனை குந்துருடையது. கடைக்குப் பின்னால் பெயின்ட் அடிக்கிறவன் ஒருவன் இருந்தான். மோட்டார் சைக்கிள் டாங்கி, ஹெல்மெட், எதைக் கொடுத்தாலும் கேட்ட நிறத்தில் திருப்பித் தருவான். அலுமினியத்தின் ஒட்டுத் தழும்புகளைப் பசை வைத்து மழித்து, அதே நீலம், அதே வெள்ளைக் கோடு, அதே எழுத்து எல்லாம் போட்டான். வளையங்களுக்கும் நீலம் அடித்து, அவையும் ஃபிரேமின் உடம்புபோலவே தெரியச் செய்தான். வேலை முடிந்தபோது டாக்டர் கொடுத்த ஃபிரேமையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கினால்தான் வித்தியாசம். ஒரு கிலோவுக்கு மேல் கனம்.

"யாரையும் தூக்க விடாதீங்க, அவ்வளவுதான்," என்றான் குந்துர்.

நிஜ ஃபிரேமைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். "செத்த பிணத்தை ஒளிச்சு வைக்கிற மாதிரி இருக்கு," என்றாள் எண்டா, ஏணியைப் பிடித்தபடி.

கை சரியாயிற்று. இரண்டு ஞாயிறு போனதும் மரப்பு திங்களோடு நின்றது. நாலாவது ஞாயிறு வரவே இல்லை. ஆனால் நிம்மதி வந்ததா என்றால், இல்லை. ஓய்வுக்கு நிற்கும்போதெல்லாம் சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். யாராவது நகர்த்தி வைக்க வந்தால் ஓடிப்போய், "இருங்க, இருங்க, நான்," என்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சோயா டெம்பே வறுவல் தின்றால் வாய் டெம்பேயிலும் கண் சைக்கிளிலும் இருக்கும். மருந்துக்கடை புலாஸ்திரி, குழுவிலேயே வாய் நீளம் உள்ளவள், ஒருநாள் கேட்டே விட்டாள்:

"என்ன வாஸ், பொண்டாட்டியைக்கூட இப்படிப் பிடிச்சுட்டு நின்னதில்ல நீ. உள்ள ஏதாவது கடத்தறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வியர்த்துவிட்டது.

ஆறாவது ஞாயிறு அது நடந்தது. கோப்பெங்குக்கு நாலு கிலோமீட்டர் கீழே, ஏற்றத்தில், டாக்டரின் சைக்கிளில் கியர் மாறவில்லை. அது பேட்டரியில் வேலை செய்கிற கியர். பேட்டரி தீர்ந்துபோய், ஏற்றத்தில் மிதிக்கவே முடியாத பெரிய பல்சக்கரத்திலேயே மாட்டிக்கொண்டது. டாக்டர் இரண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். மூச்சு வாங்கியது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் நின்றால் யாரும் ஓட்டுவதில்லை.

"உன்னோடதைக் குடுப்பா," என்றார் வாஸ்கித்தோவிடம். "என் பழைய ஆளுதானே."

இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாராளமா, பாக்," என்று வாய் சொல்லிவிட்டது. டாக்டர் தூக்கிப் பார்க்காமல் இருக்க, அவன் தானே சைக்கிளைச் சரித்துப் பிடித்து, காலை மட்டும் போடும்படி நிறுத்திக் கொடுத்தான். பார்த்தவர்களுக்கு அது பணிவாகத் தெரிந்தது.

டாக்டர் ஏறிப் போனார். வாஸ்கித்தோ நாலரைக் கோடி ரூப்பியா சைக்கிளைப் பெரிய பல்சக்கரத்தில், எழுந்து நின்று, பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டு பின்னால் போனான். ஒவ்வொரு வளைவிலும் டாக்டரின் முதுகைப் பார்த்தான். இப்போது கண்டுபிடிப்பார். இதோ, இந்த மேட்டில் எழுந்து நிற்கும்போது கனம் தெரிந்துவிடும். இல்லை. டாக்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். இறக்கத்திலும் அதையே ஓட்டினார். திருப்பிக் கேட்பதற்கு வாஸ்கித்தோ யார்?

அடிவாரத்தில் சோத்தோ கடை. கிண்ணங்கள் வந்தன. டாக்டர் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, கரண்டியால் கிண்ணத்தைத் தட்டி எல்லோரையும் கேட்கவைத்தார்.

"ஒரு விஷயம் சொல்றேன். நான் ஒரு முட்டாள்."

"அதெல்லாம் இல்ல, பாக்," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"இருங்க. இந்த ஃபிரேமை விட்டுட்டு நாலரைக் கோடி போட்டு ஒண்ணை வாங்கினேன். இன்னிக்குத் திரும்பி இதுல ஏறி உட்கார்றேன், ஒரு துளி வித்தியாசம் இல்ல! அதே கை, அதே முதுகு. சொல்லப்போனா இதுதான் நல்லா இருக்கு. பேட்டரி தொல்லையும் இல்ல." வாஸ்கித்தோவின் தோளில் கை போட்டார். "வாஸ், தப்பா நினைக்காத. எனக்கு இது திரும்ப வேணும். சும்மா கேக்கல. அந்தப் புதுசை நீ எடுத்துக்க. ஃபிரேமுக்கு ஃபிரேம். நாளைக்கே குந்துர்கிட்ட குடுத்து மாத்திக்கலாம்."

கைதட்டினார்கள். புலாஸ்திரி விசிலே அடித்தாள். "யோகம்டா உனக்கு! அலாக்கா தூக்கிட்டுப் போ!"

வாஸ்கித்தோ சோத்தோவைப் பார்த்தான். அதில் வெங்காயத்தாள் மிதந்தது. ஒரு தலையாட்டல் போதும், நாலரைக் கோடி அவன் வீட்டில் நிற்கும். நாளைக்குக் காலை குந்துர் கடையில் ஃபிரேமைத் தனியாகக் கழற்றி டாக்டர் கையில் கொடுப்பார்கள். கழற்றிய ஃபிரேமைத் தூக்காமல் எப்படி வாங்குவார்? பரணில் இருக்கிற நிஜத்தை இன்று ராத்திரியே இறக்கிக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் டாக்டரின் கை போய்ச் சேரும் இடம் 527. இப்போது நிமிர்ந்து ஓட்டிப் பழகிவிட்ட அவருக்கு அடுத்த ஞாயிறே விரல் மரக்கும். அந்த விரல்களும் பல்லைப் பிடிக்கிற விரல்கள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. அவன் வாயைத் திறந்தபோது என்ன வரப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாக், இது உங்க ஃபிரேம் இல்ல."

"உனக்குக் குடுத்ததுதான். அதனாலதான் மாத்திக்கலாம்னு கேக்கறேன்."

"அது இல்ல, பாக். உங்களோடது வீட்ல இருக்கு. பரண்ல. பத்திரமா இருக்கு. இது அம்பராவாவுல வாங்கினது. அலுமினியம். பெயின்ட் அடிச்சது."

டாக்டரின் கை அவன் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்போல. அவன் குனிந்தபடியே மற்றதையும் சொன்னான்: செமராங் டாக்டர், அறுத்த தண்டு, ஈயக் குண்டு, அளந்தது, துடைத்தேன் என்று சொன்ன பொய். "உங்க சைக்கிளோட அளவுக்கே இதைச் சரி பண்ணினேன். அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. மன்னிச்சுடுங்க, பாக்."

டாக்டர் எழுந்து போனார். நீலச் சைக்கிளின் மேல் குழாயை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கினார். இறக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஃபிரேமைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விரல் மரத்துப்போச்சுன்னியே. எத்தனை மாசம்?"

"அஞ்சு மாசம் இருந்தது. இப்போ சுத்தமா இல்ல, பாக்."

"அந்த அஞ்சு மாசமும் வேலை பார்த்த."

"பார்த்தேன்."

"எத்தனை பேருக்குப் பல்லு செஞ்ச?"

அவன் மனசுக்குள் எண்ணினான். "அறுபது எழுபது பேர் இருக்கும், பாக்."

"அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சுப் பார்க்கணும்," என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, கோபமும் இல்லை. நோயாளியிடம் வேர் போய்விட்டது என்று சொல்லும்போது வருகிற குரல். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு. அச்சு எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்து மேஜைமேல வை. ஒவ்வொருத்தருக்கா நீதான் போன் பண்ற. ஏன் கூப்பிடறோம்னு கேட்டா, நீதான் சொல்ற."

"சரி, பாக்."

டாக்டர் சோத்தோவை முடித்தார், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கியர் மாறாத தன் சைக்கிளையே எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனார். இங்கிருந்து மருத்துவமனை ஆறு கிலோமீட்டர், சமதரை. பெரிய பல்சக்கரத்திலேயே போய்விடலாம்.

புலாஸ்திரி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். டாக்டரின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "எனக்கும் கழுத்து வலிக்குது வாஸ், ஒரு வருஷமா," என்றாள். "அவர்கிட்ட சொல்லிடாத. அந்த நோட்டைக் காட்டுவியா?"

அவன் தலையாட்டினான். சாலை ஓரத்தில் டாக்டர் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், திரும்பிப் பார்க்காமல். குழு சேராமல் அவர் கிளம்புவதில்லை. மற்றவர்கள் ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டே அவனைப் பார்த்தார்கள், ஒருவரும் முன்னால் போய் நிற்கவில்லை. டாக்டரின் பின்சக்கரத்துக்கு அடுத்தபடி போகிற இடம் பதினாறு வருட ஊழியனுடையது. அதில் வேறு யாரும் போக மாட்டார்கள். வாஸ்கித்தோ நீலச் சைக்கிளை எடுத்துப் போய் அவருக்குப் பின்னால், ஒரு சக்கர இடைவெளியில், நிறுத்தினான். டாக்டர் பெடலை மிதித்தார்.